பதிவு மேசையில் நான்கு நிமிடம் நிற்கும் அந்த ஒருவர்

பெரிய மாநாடுகளில் பதிவு மேசைகளை நடத்துவதுதான் என் தொழில். முதல் நாள் காலையில் வாசலைத் தாண்டி நீளும் வரிசையைப் பார்த்துவிட்டு, "அப்பா, என்ன கூட்டம்!" என்று பெருமூச்சு விடுகிறவர்கள் நிறைய. கூட்டம் எவ்வளவு வரும் என்பது எங்களுக்கு முன்பே தெரியும், அதற்குத் தகுந்த மேசைகளும் போட்டிருப்போம். அப்படியும் வரிசை நகராமல் இருந்தால், அதற்குக் காரணம் பெரும்பாலும் பத்தில் ஒருவர்தான்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எல்லாம் சரியாக இருக்கிற ஒருவரின் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, அடையாள அட்டையைப் பார்த்து, பேட்ஜை அச்சிட்டுக் கொடுக்க 30 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பதிவில் ஏதாவது சிக்கல் இருப்பவருக்கு 4 நிமிடம். பத்துப் பேர் வந்தால் ஒன்பது பேருக்குச் சேர்த்து 270 விநாடி. மீதி ஒருவருக்கு மட்டும் 240 விநாடி! மணிக்கு 120 பேரை அனுப்ப வேண்டிய மேசை, அந்த ஒருவரால் 70 பேரோடு நின்றுவிடுகிறது. அவருக்குப் பின்னால் நிற்கிறவர்கள் மேசையில் இருக்கும் பெண்ணை முறைப்பார்கள். அவர் என்ன செய்வார், பாவம்.

சரி, யார் அந்த ஒருவர்? அடிக்கடி பார்க்கிற ஆளைச் சொல்கிறேன். அலுவலகத்தில் பதினைந்து பேருக்கு யாரோ ஒருவர் மொத்தமாகப் பதிவு செய்திருப்பார். பதினைந்து பதிவுக்கும் தன் மின்னஞ்சலையே கொடுத்திருப்பார். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல்கள் எல்லாம் அவருடைய இன்பாக்ஸில் தூங்கும். மாநாட்டுக்கு வருபவர் எங்களிடம் தன் மின்னஞ்சலைச் சொல்வார், எங்கள் கணினி "இல்லை" என்று சொல்லும். கைபேசி எண்ணைக் கேட்டால் அதுவும் அலுவலக எண். "ஒரு நிமிடம், போன் செய்து கேட்கிறேன்" என்பார். காலை எட்டு மணிக்கு அந்தப் பக்கம் யார் எடுப்பது?

அடுத்தது பெயர். கூப்பிடும் பெயரில் பதிவு, முழுப்பெயரில் அடையாள அட்டை. அல்லது முதல் பெயரும் குடும்பப் பெயரும் கட்டம் மாறி விழுந்திருக்கும். கியூஆர் கோடு கையில் இருந்தால் இதைச் சமாளித்துவிடலாம். இல்லையென்றால் பெயரை வைத்துத்தான் தேட வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் தேடல் கைவிரித்துவிடும்.

பணம் கட்டும்போது பக்கம் பாதியில் நின்றுபோய், மறுபடி பதிவு செய்தவர்களும் உண்டு. அவர்கள் பெயரில் இரண்டு பதிவுகள் இருக்கும்: ஒன்றில் பணம் வந்திருக்கும், மற்றொன்று நிலுவையில் நிற்கும். கையில் இருப்பது நிச்சயமாக நிலுவையில் உள்ள கோடாகத்தான் இருக்கும். அப்புறம் மாணவர் சலுகையில் பதிந்துவிட்டு மாணவர் அட்டையை மறந்தவர்கள், "அவருக்கு வர முடியவில்லை, பதிலுக்கு நான் வந்திருக்கிறேன்" என்பவர்கள். ஆள் மாற்றத்துக்குப் பெரும்பாலும் ஒரு கடைசித் தேதி உண்டு. அதைத் தாண்டினால் மேசையில் இருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது.

இவை அத்தனையும் ஒரு வாரம் முன்பே தீர்க்கக்கூடியவை. உறுதிப்படுத்தும் மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள். வரவில்லையென்றால் ஸ்பாமில் தேடுங்கள், அங்கும் இல்லையென்றால் பதிவு செய்து தந்தவரிடம் கேட்டு வாங்குங்கள். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கிறதா, பணம் கட்டியதாகக் காட்டுகிறதா, எந்தப் பிரிவில் பதிந்திருக்கிறீர்கள் என்று பார்த்தால் போதும். தவறு இருந்தால் அன்றே எழுதுங்கள். ஒரு வாரம் முன்பு வரும் மின்னஞ்சலுக்கு நாங்கள் நிதானமாகப் பதில் சொல்வோம். அன்று காலை வரும் மின்னஞ்சலை யாரும் பார்க்கக்கூட மாட்டார்கள். சக்கர நாற்காலி, நீண்ட நேரம் நிற்க முடியாத உடல்நிலை போன்ற தேவைகளையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பல இடங்களில் தனி வழி இருக்கும், ஆனால் கேட்டால்தான் காட்டுவார்கள்.

கியூஆர் கோடைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில், வாகன உதிரிபாகங்களைக் கணக்கு வைப்பதற்காக உருவாக்கியது இது. தொழிற்சாலையில் அழுக்கும் கிழிசலும் சகஜம் என்பதால், பிழை திருத்தும் திறனை உயர்ந்த நிலையில் வைத்து அச்சிட்டால் ஏறக்குறைய 30 சதவீதம் வரை சேதமானாலும் படிக்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய சதுரங்கள் தெரியாவிட்டால் கோடு எங்கே இருக்கிறது என்றே ஸ்கேனருக்குப் புரியாது. சுற்றிலும் கொஞ்சம் வெற்றிடமும் வேண்டும். அதனால் ஓரத்தை ஒட்டி வெட்டிய ஸ்கிரீன்ஷாட், மூலையில் விரிசல் விட்ட திரை இரண்டும் தகராறு செய்யும். டார்க் மோடில் நிறம் தலைகீழாகி, கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கட்டங்களாகத் தெரிந்தால் சில ஸ்கேனர்கள் படிக்கவே படிக்காது. வரிசையில் உங்கள் முறை நெருங்கும்போதே திரையின் வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி வையுங்கள்.

கோடை வீட்டிலேயே கைபேசியில் சேமித்துக்கொள்வது முக்கியம். ஆயிரக்கணக்கானோர் ஒரே கூடத்தில் கைபேசியோடு நிற்கும்போது இணையம் ஊர்ந்துதான் போகும், மின்னஞ்சல் திறக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். சில நிகழ்ச்சிகளின் செயலியில் கோடு அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும். அங்கே ஸ்கிரீன்ஷாட் செல்லாது, செயலியை முன்பே நிறுவி உள்நுழைந்து வைக்க வேண்டும். ஒரு தாளில் அச்செடுத்து வருகிறவரைப் பழைய காலத்து ஆள் என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு அவரைத்தான் பிடிக்கும். அவருடைய தாளுக்கு சார்ஜ் தீராது.

எப்போது வருவது? முந்தின நாள் மாலை பேட்ஜ் கொடுக்கிறார்கள் என்றால் யோசிக்காமல் போய் வாங்கிவிடுங்கள். முடியாவிட்டால், தொடக்க உரைக்கு முந்தைய ஒரு மணி நேரத்தையாவது தவிருங்கள். எல்லாரும் வருவது அப்போதுதான். வரிசையில் மாட்டிக்கொண்டால் எவ்வளவு நேரமாகும் என்று நீங்களே கணக்கிடலாம். முன்னால் சுமார் 300 பேர், நிமிடத்துக்கு 10 பேர் உள்ளே போகிறார்கள் என்றால் அரை மணி நேரம். ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1961-ல் நிரூபித்த வரிசை விதியும் அடிப்படையில் இந்தக் கணக்குதான்.

ஏற்பாடு செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிக்கல் உள்ளவரை அதே மேசையில் வைத்துத் தீர்க்காதீர்கள். உதவி மேசை ஒன்றைத் தள்ளிப் போட்டு, அனுபவமுள்ள ஆளை அங்கே உட்கார வையுங்கள். 30 விநாடியில் முடியவில்லையென்றால் அங்கே அனுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். மேசைக்கு ஒரு வரிசை என்று பிரிக்காமல், எல்லா மேசைகளுக்கும் பொதுவாக ஒரே வளைந்த வரிசை வைத்தால் ஒரு மேசை தேங்கினாலும் மற்றவை ஓடும். இணையம் போனால் பார்க்க, பட்டியலின் பிரதி ஒன்று கணினியிலேயே இருக்கட்டும். பேட்ஜின் இரண்டு பக்கமும் பெயரை அச்சிடுங்கள், ஒற்றைக் கொக்கியில் தொங்கும் அட்டை எப்போதும் முதுகைத்தான் காட்டும்.

பேட்ஜ் கைக்கு வந்ததும் எல்லாரும் செய்வது, அதைப் படம் பிடித்து சமூக வலைத்தளத்தில் போடுவது. பேட்ஜில் இருக்கும் கியூஆர் கோடு சில நிகழ்ச்சிகளில் நுழைவுச் சீட்டும்கூட. சிலவற்றில் கண்காட்சி அரங்கில் யாராவது அதை ஸ்கேன் செய்தால் உங்கள் பெயர், நிறுவனம், மின்னஞ்சல் அவர்களுக்குப் போய்விடும். படம் போட ஆசையாக இருந்தால் கோடை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது லேன்யார்டை, அதாவது பேட்ஜைக் கழுத்தில் மாட்டும் நாடாவை, திரும்பக் கேட்டால் கொடுத்துவிடுங்கள், அட்டையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போய்க் கிழித்துப் போடுங்கள்.