வெட்டப்படாத கை

ஜெர்மானிய ஓவியர் எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் 1915-இல் தன்னையே ராணுவ உடுப்பில் வரைந்தார். படத்தில் அவருடைய வலக்கை மணிக்கட்டோடு துண்டாகியிருக்கிறது. உண்மையில் அந்தக் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் உலகப் போர் நடந்த காலம் அது; அவர் போர்முனைக்குப் போகவே இல்லை. ஆனாலும் இந்த இல்லாத காயம் பார்ப்பவர் உடலைக் கூசவைக்கிறது.

மூளையின் புறணியில், அதாவது அதன் வெளி அடுக்கில், உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் இடம் உண்டு. 1930-களில் மான்ட்ரியலில் வில்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர், வலிப்பு நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு இந்த வரைபடத்தைத் தொகுத்தார். முதுகுக்கும் வயிற்றுக்கும் சிறு இடம்தான். கைக்கும் விரல்களுக்கும் மிகப்பெரிய பங்கு. பிறர் கை அடிபடும் காட்சியைக் கண்டாலே, நம் வலியுணர்வில் பங்குகொள்ளும் சில மூளைப்பகுதிகள் விழித்துக்கொள்வதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிர்ஷ்னர் கைவைத்த இடம் அது.

கண்களிலும் அப்படித்தான். மனிதக் கண்ணில் வெள்ளை பளிச்சென்று தெரிவதால் எதிரில் இருப்பவர் எங்கே பார்க்கிறார் என்று உடனே கண்டுகொள்கிறோம். இந்த முகத்தில் கண்பாவையே இல்லை. வாயில் சிகரெட் தொங்குகிறது, பின்னால் நிர்வாணமாக ஒரு மாடல் நிற்கிறாள்; அவர் எதையும் பார்ப்பதாகத் தெரியவில்லை.

ஆனால் நரம்பியல் நம் கூச்சத்தைத்தான் விளக்கும். படத்தில் அவர் ஏன் கையை வெட்டினார் என்பதற்கு அந்த ஆண்டுக்குப் போகவேண்டும். போர் தொடங்கியதும் ராணுவத்தில் சேர முன்வந்தவர், 1915-இல் ஹாலே நகரில் 75-ஆம் பீரங்கிப் படைப்பிரிவில் பயிற்சி பெற்றார். தோள்பட்டையில் அந்த எண் இருக்கிறது. சில மாதங்களிலேயே மனம் உடைந்து வெளியேற நேர்ந்தது. பெர்லின் திரும்பி இதை வரைந்தார். இனி வரையவே முடியாமல் போய்விடுமோ என்ற பீதியைத்தான் அந்த மொட்டைக் கையில் காண்கிறேன்.

அதே 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் ‘ஷெல் ஷாக்’ எனப்பட்ட போர் அதிர்ச்சி பற்றி லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். காயமே படாத வீரர்களுக்குக் கை நடுங்கியது, கால் விளங்காமல் போனது, பேச்சு நின்றது. நோயாளி நடிக்கிறார் என்று பல மருத்துவர்கள் சந்தேகித்தார்கள். நரம்பும் தசையும் பழுதில்லாமல் இருக்கும்போதே, அசைக்க நினைத்தும் உறுப்பு அசையாமல் போகலாம் என்பதை இன்றைய நரம்பியல் ஏற்கிறது. பழுது உறுப்பில் இல்லை, மூளை அதை இயக்கும் விதத்தில் இருக்கிறது. பின்னாளில் கிர்ஷ்னருக்கும் இதுவே நேர்ந்தது. கைகால்கள் செயலிழந்த நிலையில், 1917-இல் சுவிட்சர்லாந்தின் க்ராய்ட்ஸ்லிங்கனில் லுட்விக் பின்ஸ்வாங்கரின் மனநல விடுதியில் சேர்ந்தார். மார்ஃபின் பழக்கமும் அவரை வாட்டியது.

கை தேறி மீண்டும் வரைந்தார், டாவோஸ் மலைகளைத் தீட்டினார். 1937-இல் நாஜிகள் அவருடைய 600-க்கும் மேற்பட்ட படைப்புகளை அருங்காட்சியகங்களிலிருந்து பறிமுதல் செய்தார்கள். இந்தப் படத்தையும் ‘சீரழிந்த கலை’ என்று மியூனிக்கில் மாட்டிவைத்து இழிவுபடுத்தினார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கிர்ஷ்னர் தன்னையே சுட்டுக்கொண்டார். ஓவியம் இப்போது அமெரிக்காவில், ஓபர்லின் கல்லூரியின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.