இறங்கும்முன் திரும்பும் வழியைப் பார்

ராணுவ ஹெலிகாப்டர் விபத்து என்று செய்தி வந்தால், "இன்ஜின் பழுதா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். லடாக்கிலும் வடகிழக்கு மலைகளிலும் பறந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இன்ஜினைவிட எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது இறங்குமிடம்தான். விமானத் தளத்தில் காற்றின் திசை, வேகம் எல்லாவற்றையும் டவர் சொல்லிவிடும். தரை சமமாக இருக்கும், தீயணைப்பு வண்டி பக்கத்திலேயே நிற்கும். எல்லைச் சாவடியிலும், நிலச்சரிவில் துண்டிக்கப்பட்ட மலைக்கிராமத்திலும் இதில் ஒன்றுகூடக் கிடையாது. அங்கே நாங்கள் கடைப்பிடிக்கும் விதிமுறைகள் பக்கம் பக்கமாக இருந்தாலும், எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான். சக்கரம் தரையைத் தொடும் வரை, "வேண்டாம், திரும்பிவிடுவோம்" என்று முடிவெடுக்க வழி இருக்க வேண்டும். அந்த வழி அடைபட்ட பிறகு எவ்வளவு கெட்டிக்கார பைலட்டாக இருந்தாலும் கையைப் பிசையத்தான் முடியும்.

வேலை தரையிலேயே, கணக்கில் தொடங்குகிறது. லே விமானத் தளம் ஏறத்தாழ 10,700 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கான தர வெப்பநிலை, அதாவது பறப்புக் கணக்குகளுக்கு அடிப்படையாக வைக்கும் வெப்பநிலை, மைனஸ் 6 டிகிரியை ஒட்டி இருக்கும். கோடையில் ஒரு மதியம் 25 டிகிரி அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலான ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி சேர்த்துக்கொள்வது எங்கள் வழக்கம். அப்படிப் பார்த்தால் ஹெலிகாப்டரைப் பொறுத்தவரை அது 14,000 அடியையும் தாண்டிய இடம். காற்று அவ்வளவு மெலிந்துவிடுகிறது. விசிறிக்கும் பிடிப்பில்லை, இன்ஜினுக்கும் மூச்சில்லை. காலையில் நாலு பேரைச் சுமந்து இறங்கிய அதே இடத்தில் மதியம் இரண்டு பேருடன் இறங்குவதே சந்தேகமாகிவிடும். மலைப் பறப்புகள் விடிந்ததும் தொடங்கி முற்பகலிலேயே முடிந்துவிடுவது இதனால்தான். பிற்பகலில் பள்ளத்தாக்குக் காற்றும் கிளம்பிவிடும்.

சமதளத்துக்கு அருகில் ஹெலிகாப்டர் அந்தரத்தில் நிற்கும்போது, கீழே தள்ளப்படும் காற்று தரையில் பட்டு ஒரு தாங்குதலைத் தருகிறது. மலைமுகட்டில் வெட்டிய சின்ன ஹெலிபேடில் விசிறியின் பாதி பள்ளத்தின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும், அந்தத் தாங்குதல் கிடைக்காது. அதனால் அது இல்லாமலேயே அந்தரத்தில் நிற்கப் போதிய பவர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடையை முடிவு செய்ய வேண்டும். "இன்னும் ஒரு மண்ணெண்ணெய் ஜெரிகேன்தானே சார், ஏற்றிவிடலாம்" என்று சாவடியிலிருப்பவர் கேட்பார். அவர் தவிப்பு நியாயமானது. ஆனாலும் கணக்கு கணக்குதான்.

இடத்தை அடைந்ததும் நேராக இறங்கிவிடுவதில்லை. உயரத்தில் ஒரு சுற்று, தாழ்வாக இன்னொரு சுற்று. இடத்தின் அளவு, சரிவு, தரை மண்ணா பனியா, சுற்றிலும் மரமா கம்பமா, சூரியன் கண்ணில் அடிக்கிறதா, காற்று எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றையும் பைலட்டும் கோ-பைலட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார்கள். மின்கம்பி மேலிருந்து கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கம்பம் தெரிந்தால் கம்பி இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். மலையின் காற்று படும் முகத்தில் காற்று மேலே தூக்கும், மறுபுறம் கீழே அமுக்கும். எந்தப் பக்கமாக நெருங்கினால், கடைசி நொடியில் மனம் மாறினாலும் பள்ளத்தின் பக்கம் ஒதுங்கி வேகம் பிடிக்கலாம் என்பதுதான் பாதையைத் தீர்மானிக்கும்.

வேகம் குறைந்த நிலையில் செங்குத்தாக, மளமளவென்று இறங்கினால் ஹெலிகாப்டர் தான் கீழே தள்ளிய காற்றுக்குள் தானே மாட்டிக்கொள்ளும். வோர்டெக்ஸ் ரிங் என்பார்கள். அப்போது பவரைக் கூட்டக் கூட நிலைமை மோசமாகும். மூக்கைத் தாழ்த்தி முன்னே ஓடித்தான் தப்ப வேண்டும், அதற்குக் கீழே உயரம் மிச்சமிருக்க வேண்டும்.

தூசியும் பனியும் தனிக் கதை. 1980 ஏப்ரலில், டெஹ்ரானில் பிணைக்கைதிகளாக இருந்த அமெரிக்கர்களை மீட்க ஈரான் பாலைவனத்தில் அமெரிக்கப் படைகள் இறங்கின. பணியைக் கைவிட்டுக் கிளம்பும் நேரத்தில், விசிறி கிளப்பிய புழுதிக்குள் இடம் மாறிய ஒரு ஹெலிகாப்டர், நின்றிருந்த சி-130 விமானத்தின்மேல் மோதியது. 8 பேர் இறந்தார்கள். எதிரி ஒரு குண்டும் சுடவில்லை. தூசி எழுந்தால் தரை நகர்கிறதா, நாம் நகர்கிறோமா என்றே தெரியாது.

புதுப் பனியிலும் அதே நிலைதான். உயரச் சாவடிகளில் ஜவான்கள் ஹெலிகாப்டர் வருவதற்கு முன் பனியை மிதித்து மிதித்து இறுக்குவார்கள். ஹெலிபேடின் ஓரத்தில் ஒருவர் முழங்காலிட்டு அமர்ந்திருப்பார். பனித்தூள் எழும்பி எல்லாம் வெள்ளையாகும் நேரத்தில் பைலட்டின் கண்ணுக்கு அவர் ஒருவர்தான் பிடிமானம். முகத்தில் ஊசி ஊசியாகப் பனி குத்தினாலும் அவர் ஓரடி நகரக் கூடாது. நகர்ந்தால் பைலட்டும் தன்னையறியாமல் அவரோடு சேர்ந்து நகர்வார். அந்த உருவம் மறைந்த கணமே இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலேறிவிட வேண்டும், இதில் இரண்டாம் யோசனைக்கே இடமில்லை.

மேகத்தைப் பற்றி எழுதும்போது குன்னூர் நினைவு வராமல் இருக்காது. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து குன்னூரை அடுத்த வெல்லிங்டனுக்குப் போன எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டரின் விபத்தில், முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேரை இழந்தோம். இயந்திரக் கோளாறும் இல்லை, சதியும் இல்லை, கவனக்குறைவும் இல்லை என்றது விசாரணைக் குழுவின் முதற்கட்ட அறிக்கை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது. விமானிக்குத் திசையுணர்வு குழம்பியது. நன்றாக இயங்கிக்கொண்டிருந்த ஹெலிகாப்டர் மலையில் மோதியது. அந்த ஹெலிகாப்டரை ஓட்டியவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மேகத்துக்குள் காதுக்குள்ளிருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும் என்பதை ஒவ்வொரு இளம் பைலட்டும் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பள்ளத்தாக்கின் நடுவில் பறக்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கிப் பறந்தால் திரும்ப முழு அகலமும் கிடைக்கும். திரும்பும் முடிவை மேகத்துக்கு வெளியே இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். மீறி உள்ளே போய்விட்டால் தரையைத் தேடக் கூடாது. கருவிகளை மட்டும் நம்பி, சாய்வில்லாமல், பாதுகாப்பான உயரத்துக்கு ஏற வேண்டும்.

இனி நான் சொல்வது சீருடை அணியாதவர்களுக்கு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிய ரயில் பயணிகளுக்கு ஹெலிகாப்டரில்தான் உணவுப் பொட்டலங்கள் போயின. அடுத்த மழைக்கு உங்கள் ஊர்ப் பள்ளி மைதானமே ஹெலிபேட் ஆகலாம். எம்ஐ-17 விசிறியின் குறுக்களவே 21 மீட்டருக்கு மேல், முழு எடை 13 டன் வரை. அது தள்ளும் காற்றில் தகரக் கூரையும் பிளாஸ்டிக் நாற்காலியும் பறக்கும். பறந்த தார்ப்பாய் விசிறிக்குள் போனால் உள்ளே இருப்பவர்களோடு கீழே நிற்பவர்களுக்கும் ஆபத்து. மைதானத்தில் கிடக்கும் துணி, சாக்கு, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். புழுதி மண்ணென்றால் நன்றாகத் தண்ணீர் தெளியுங்கள். காற்றின் திசை தெரியப் புகை போடுவதானால், புகை இறங்குமிடத்தின்மேல் வராதபடி போடுங்கள்.

ஹெலிகாப்டர் இறங்கிய பிறகும் குழுவினர் கைகாட்டும் வரை யாரும் நெருங்கக் கூடாது. பைலட் பார்க்கும்படி முன்பக்கமாகவே குனிந்து போக வேண்டும். வாலில் சுழலும் சின்ன விசிறி வேகத்தில் கண்ணுக்கே தெரியாது, அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. சரிவான இடத்தில் மேட்டுப் பக்கத்திலிருந்து வரவே கூடாது. அந்தப் பக்கம் பெரிய விசிறி தலை மட்டத்துக்கு வந்துவிடும். ஸ்ட்ரெச்சர் கம்பு, குடை எதையும் நிமிர்த்திப் பிடிக்காதீர்கள். கயிற்றில் கொக்கி இறக்கினால் அது தரையையோ தண்ணீரையோ தொட்ட பிறகே கையில் பிடியுங்கள், இல்லையென்றால் ஹெலிகாப்டரில் சேர்ந்த மின்னூட்டம் உங்கள்மேல் பாயும்.

முக்கியமான இன்னொன்று. ஹெலிகாப்டர் தாழ வந்துவிட்டு இறங்காமல் மேலேறிப் போனால், கைவிட்டுப் போய்விட்டார்கள் என்று கூட்டம் அழுதபடி மைதானத்துக்குள் ஓடிவரும். பெரும்பாலும் அவர்கள் போயிருக்க மாட்டார்கள். காற்றுக்கு ஏற்ற வேறு பக்கத்திலிருந்து வருவதற்கோ, எடையைக் குறைத்துக்கொண்டு வருவதற்கோ சுற்றிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் மைதானத்தில் ஆள் நின்றால் இரண்டாவது முயற்சியும் வீணாகும். கண்ட்ரோல் ரூமிலிருந்து தகவல் வரும் வரை கயிறு கட்டிய எல்லைக்கு வெளியிலேயே எல்லோரையும் நிறுத்தி வையுங்கள்.