கண் ஏன் நெற்றிக்கு ஏறுகிறது?

பென்சிலால் முதல் தடவை முகம் வரைகிறவர்கள் அநேகமாக எல்லாரும் கண்ணைக் கொஞ்சம் மேலே வைத்துவிடுவார்கள். மண்டை உச்சியிலிருந்து தாடை நுனிவரை அளந்தால் கண்கள் இருப்பது ஏறக்குறைய சரிபாதியில். சந்தேகம் இருந்தால் அடையாள அட்டைப் படத்தில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். தூக்கிச் சீவிய முடியின் உயரத்தை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கை பழகாததால் மட்டும் வருகிற கோளாறு இல்லை இது. எதிரே இருப்பவர் யார், கோபமா சிரிப்பா, எங்கே பார்க்கிறார் என்ற சேதி எல்லாம் கண், மூக்கு, வாய் இந்த மூன்றைச் சுற்றித்தான் கிடைக்கிறது. நெற்றியிலும் உச்சந்தலையிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. மனம் அவற்றுக்கு ஒதுக்கும் இடமும் அதனால் குறைவு. தாளில் அது அப்படியே இறங்கும்: நெற்றி சுருங்கும், கண் ஏறும்.

முகங்களைக் கண்டால் மட்டும் மிகுதியாக வேலை செய்யும் ஒரு பகுதி மூளையின் அடிப்பக்கத்தில் இருப்பதை மூளை ஆராய்ச்சியாளர் நான்சி கான்விஷரும் அவருடைய சகாக்களும் 1997-ல் விவரித்தார்கள். முகத்தைத் துண்டு துண்டாகப் பார்க்காமல் ஒரே மொத்தமாகப் பிடித்துக்கொள்வதுதான் மூளையின் கெட்டிக்காரத்தனம். சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் கூட்டத்தில் தெரிந்தவரை நொடியில் கண்டுபிடிக்க இது உதவும். வரைய உட்கார்ந்தால் இதுவே குறுக்கே நிற்கும். முகத்தைத் தலைகீழாக்கினால் இந்தத் திறமை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. 1980-ல் உளவியலாளர் பீட்டர் தாம்சன், பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் படம் ஒன்றில் கண்களையும் வாயையும் மட்டும் தலைகீழாகத் திருப்பி ஒட்டினார். படம் தலைகீழாக இருந்தபோது விகாரம் அவ்வளவாகத் தெரியவில்லை, நிமிர்த்தியதும் கோரமாகிவிட்டது.

புகைப்படத்தைத் தலைகீழாக வைத்து வரையச் சொல்லும் பயிற்சிக்கு அடிப்படை இதுதான். எது எங்கே என்று இடம் குறிக்க அது நல்ல வழி. நிழல் போடுவதற்கும் அதையே பிடித்துக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அப்புறம், தலையின் அகலம் ஐந்து கண் அகலம், இரு கண்களுக்கு நடுவே ஒரு கண் அகலம் என்ற அளவெல்லாம் சராசரிதான். சாயல் பிடிபடுவது அந்தச் சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு விலகியிருக்கிறார் என்பதில்.

சரி, இடம் குறித்தாயிற்று. அடுத்த வம்பு கோடு. மூக்குக்கு இரண்டு பக்கமும் கோடு இழுப்பது எல்லாரும் செய்வது. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் ஓரங்களை விழித்திரையே மிகைப்படுத்தி அனுப்புவதால் அங்கே கோடு இருப்பதாகத் தோன்றுகிறது. உண்மையில் இருப்பது வெளிச்சம் மெல்லக் குறைந்து நிழலாகும் சரிவு. சிங்கப்பூரின் 50 வெள்ளி நோட்டில் முதல் அதிபர் யூசோஃப் பின் இஷாக்கின் முகத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். நுண்ணிய கீறல்களின் அடர்த்தி கூடிக் குறைவதில்தான் கன்னமும் மூக்கும் எழும்புகின்றன. கண்ணின் வெள்ளைக்கும் இதே கணக்கு: மேல் இமையின் நிழல் அதில் விழுகிறது, ஆகவே அதைச் சாம்பலாக்கத்தான் வேண்டும்.

நம்மவர் முகங்களை வரைகிறவர்கள் பலர் தோல் முழுவதும் ஒரே கறுப்பாகத் தேய்த்துவிடுகிறார்கள். தோலில் விழும் வெளிச்சத்தில் சுமார் 4, 5 சதவீதம் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும். மிச்சம் உள்ளே போய், தோலுக்கு நிறம் தரும் மெலனின் விழுங்கியது போக எஞ்சியது சிதறி வெளியே வரும். முதல் பங்கு எந்த நிறத் தோலுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்; கறுத்த தோலில் குறைவது இரண்டாவது பங்கு மட்டும். அதனால் நெற்றி, கன்ன மேடு, மூக்கு நுனி ஆகியவற்றின் பளபளப்பு நம் முகங்களில் சுற்றியுள்ள நிறத்தைவிடத் தூக்கலாகத் தெரிகிறது. சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் வேர்வை தோலின் சொரசொரப்பை நிரப்பிவிட்டால் இன்னும் பளிச். அந்த இடங்களில் தாளின் வெள்ளையைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். பூமத்திய ரேகைக்கு வெகு அருகில் இருப்பதால் இங்கே மதியம் ஒரு மணி வாக்கில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே. கண்குழி இருண்டுபோகும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். பழகுவதற்கு அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே திறந்த தளமாக இருக்கும் வாய்ட் டெக்கில் பக்கவாட்டில் வரும் வெளிச்சமே மேல்.

பென்சிலுக்குச் செலவழிக்க வேண்டாம். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ விடைத்தாளுக்கு வாங்கிய 2பி வீட்டில் கிடக்குமே, அது போதும். பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது; பிரான்சில் கோன்டே 1795-ல் காப்புரிமை பெற்ற முறை. களிமண் கூடினால் கடினம், கிராஃபைட் கூடினால் மென்மை, கறுப்பும் அதிகம். கருவிழிக்காக 2பியை அழுத்தித் தேய்த்தால் கிராஃபைட் ஏடுகள் படிந்து மினுங்கும். கறுப்பதற்குப் பதிலாக வெளிச்சத்தைத் திருப்பிவிடும். அங்கே இன்னும் மென்மையான 6பியை லேசாக, அடுக்கடுக்காகப் போடுங்கள். உள்ளங்கை வேர்வை தாளில் இறங்காமல் இருக்க, கைக்குக் கீழே ஒரு துண்டுத்தாள்.