மரம் இழுக்கும் சிறிய டிராக்டர்: எதைப் பார்த்து வாங்குவது, எதைப் பூட்டுவது

டிராக்டர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது எத்தனை எச்.பி. என்பதைத்தான். மரங்களுக்கு நடுவே தடி, அதாவது வெட்டிய மரத்தண்டு, இழுக்கவும், கிளைகளை அப்புறப்படுத்தவும், விறகு ஏற்றவும் வாங்குகிற சிறிய டிராக்டருக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. வண்டியின் எடை எவ்வளவு, அந்த எடை எந்தச் சக்கரங்களின் மேல் நிற்கிறது?

கணக்குப் போட்டால் காரணம் புரியும். இழுவிசைக்கு வரம்பு கட்டுவது டயர் மண்ணைப் பற்றும் இடம். நான்கு சக்கரமும் இழுக்கும் 1,500 கிலோ டிராக்டர், காய்ந்து இறுகிய தரையில் தன் எடையில் பாதிக்குச் சற்று மேல், சுமார் 800 கிலோ விசையில் இழுக்கும். ஈரச் சருகின் மேல் அது 450 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். 800 கிலோ விசையை மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் கொடுக்க வேண்டிய திறன் வெறும் 9 எச்.பி. கியரிலும் டயர் வழுக்கலிலும் வீணாவதைச் சேர்த்தாலும் 15 எச்.பி.க்குள் அடங்கும். ஆகவே 25 எச்.பி.யும் 1,500 கிலோவும் உள்ள வண்டி, 40 எச்.பி.யும் 1,000 கிலோவும் உள்ள வண்டியைவிட அதிகத் தடியை வெளியே கொண்டுவரும். எடை குறைந்த வண்டியின் மிச்சத் திறன் சக்கரத்தைச் சுழற்றி மண்ணில் குழி பறிக்கத்தான் போகும்.

25 எச்.பி.யை ஒட்டி இன்னொரு கோடும் இருக்கிறது. பல நாடுகளின் புகை விதிகள் 19 கிலோவாட்டில், அதாவது ஏறக்குறைய 25 எச்.பி.யில், கடுமையாகின்றன. அதற்கு மேற்பட்ட புதிய எஞ்சின்களில் பெரும்பாலும் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும். சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது அதன் உள்ளே சுமார் 600 டிகிரி வெப்பம் உண்டாகும். காய்ந்த சருகின் மேல் நின்றபடி அது நடக்கக்கூடாது. திறந்த மண்தரைக்கு வண்டியைக் கொண்டுபோய் அந்தச் சுழற்சியை முடிக்க வேண்டும்.

அடுத்து, தடியின் எடை. பச்சைக் கடின மரத்தை ஒரு கன மீட்டருக்கு 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 40 செ.மீ. விட்டம், 5 மீ. நீளமுள்ள தடி சுமார் 630 கிலோ வரும். அதை முழுக்கத் தரையில் படுக்கவைத்து இழுத்தால் எடையில் பாதிக்கு மேல் இழுவிசை வேண்டும். முனை ஒரு வேரில் முட்டினால் அதுவும் போதாது. பருத்த முனையைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிவிட்டால் நிலைமை மாறுகிறது. தடியின் எடையில் பாதி டிராக்டரின் பின் அச்சுக்கு வந்துவிடும். தரையில் உராய்வு குறைகிறது, பின் டயரின் பிடிப்பு கூடுகிறது. அயர்லாந்துப் பொறியாளர் ஹாரி ஃபெர்குசன் 1926-இல் காப்புரிமை பெற்ற, கருவியை டிராக்டரின் பின்னால் மூன்று இடங்களில் பூட்டும் மும்முனை இணைப்பும், இழுக்கும் சுமையைப் பின் சக்கரத்தின் மேல் எடையாக மாற்றும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது.

அந்த எடைக்கு ஒரு விலை உண்டு. பின் அச்சிலிருந்து 80 செ.மீ. தள்ளி 315 கிலோ தொங்கினால், அச்சுகளுக்கிடையே 1.6 மீ. உள்ள வண்டியின் முன் அச்சிலிருந்து சுமார் 157 கிலோ குறைந்துவிடும். மேட்டில் ஏறும்போது இன்னும் குறையும். முன் அச்சில் வண்டி எடையில் ஐந்தில் ஒரு பங்காவது நிற்காவிட்டால் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. முன்புற எடைக்கட்டுகளோ, முன்னால் சுமை தூக்கும் கைகளான லோடரோ இருந்தால் இது சரியாகும்.

மும்முனை இணைப்பின் தூக்கும் திறனைப் படிக்கும்போது எச்சரிக்கை வேண்டும். கீழ்க்கைகளின் நுனியில் அளந்த எண் பெரியதாக இருக்கும். நுனியிலிருந்து 610 மி.மீ. பின்னால் அளந்ததுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். சிறிய டிராக்டர்களில் பெரும்பாலும் இருப்பது வகை-1 இணைப்பு. கருவியைப் பூட்டும் கீழ்ப் பின்கள் (முளைகள்) 22 மி.மீ., மேல் பின் 19 மி.மீ. விட்டம். வாங்கும் கருவி வகை-2 ஆக இருந்தால் பொருந்தாது.

இழுக்கும் இடத்தின் உயரம் உயிர் சம்பந்தப்பட்டது. சங்கிலியை எக்காரணம் கொண்டும் பின் அச்சுக்கு மேலே, இருக்கைத் தாங்கியிலோ மேல் இணைப்பிலோ கட்டக்கூடாது. தடி எங்காவது மாட்டிக்கொண்டு பின் சக்கரங்கள் உருள முடியாமல் நின்றால், எஞ்சினின் முறுக்கு விசை வண்டியின் உடலையே அச்சைச் சுற்றித் திருப்பத் தொடங்கும். இழுக்கும் புள்ளி அச்சுக்குக் கீழே இருந்தால் முன்புறம் எழும்ப எழும்ப அந்தப் புள்ளி தாழ்ந்து, சங்கிலி தளர்ந்து, வண்டி திரும்பக் கீழே அமரும். மேலே இருந்தால் சங்கிலியே வண்டியைப் பின்னால் மல்லாத்திவிடும். மீள முடியாத கோணத்தை எட்ட ஒரு விநாடிகூட ஆகாது; கிளட்சை மிதிக்க யோசிக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அதனால் உருளல் தடுப்புச் சட்டமும் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரை நசுங்காமல் காக்கும் இரும்புச் சட்டகம்) சீட் பெல்ட்டும் இல்லாத பழைய டிராக்டரை, எவ்வளவு நல்ல நிலையில் கிடைத்தாலும், இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். சுவீடன் 1959-இலேயே புதிய டிராக்டர்களுக்கு இந்த இரும்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது. அதன்பின் அங்கே கவிழ்ந்து இறப்பவர்கள் எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. மடக்கும் வகைச் சட்டத்தைத் தாழ்ந்த கிளைக்காக மடக்கினால் உடனே நிமிர்த்திவிட வேண்டும். மடக்கிய நிலையில் பெல்ட் போடக்கூடாது, நிமிர்ந்த நிலையில் போடாமல் இருக்கக்கூடாது. சட்டம் மட்டும் இருந்தால் விழும் கிளைக்குப் பாதுகாப்பில்லை. தலைக்கு மேலே கூரைத் தகடு, முதுகுப் பக்கம் கம்பிவலை, பக்கவாட்டிலிருந்து குத்தும் கொம்புகளைத் தள்ளிவிடச் சட்டத்திலிருந்து முன்புறம் இறங்கும் சாய்வுக் குழாய்கள் ஆகியவையும் சேர வேண்டும்.

சரிவுக்கும் ஒரு சிறு கணக்கு. சக்கர அகலம் 1.2 மீ., எடைமையம் தரையிலிருந்து 65 செ.மீ. என்றால், நின்றபடி பக்கவாட்டில் கவிழும் கோணம் ஏட்டுக் கணக்கில் சுமார் 43 டிகிரி. 20 டிகிரிச் சரிவு பத்திரம்போலத் தோன்றும். மேல்பக்கச் சக்கரம் 15 செ.மீ. அடிக்கட்டை மேல் ஏறினால் 7 டிகிரி கூடும். அதே நேரம் கீழ்ச்சக்கரம் 15 செ.மீ. பள்ளத்தில் இறங்கினால் இன்னொரு 7. மொத்தம் 34. லோடரில் ஒரு தடியை உயரத் தூக்கி எடைமையம் 90 செ.மீ.க்கு ஏறியிருந்தால், கவிழும் கோணமே 34 டிகிரிக்கு இறங்கியிருக்கும். முன் அச்சு நடுவில் ஊஞ்சல்போல ஆடுவதால் தொடக்கத்தில் அது வண்டியைத் தாங்காது என்பதையும் சேர்த்தால் உண்மை எல்லை இன்னும் குறைவு. சரிவில் நேராக ஏறி நேராக இறங்குங்கள், குறுக்கே ஓட்டாதீர்கள். பின் சக்கரங்களை எவ்வளவு அகலமாக வைக்க முடியுமோ அவ்வளவு அகலமாக மாற்றிப் பூட்டுங்கள்.

இறக்கத்தில் நான்கு சக்கர இயக்கம் எப்போதும் இணைப்பில் இருக்கட்டும். பெரும்பாலான சிறிய டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். லோடரில் சுமை இருந்து பின்புறம் இலேசாகிவிட்டால் அந்தப் பிரேக் பிடிக்காது. நான்கு சக்கர இணைப்பில் முன் சக்கரங்களும் கியர் வழியாக அதே பிரேக்கில் கட்டுப்படும்.

கியர்பெட்டியில் இரு தேர்வு. மிதியால் முன்னும் பின்னும் போகும் ஹைட்ரோஸ்டாடிக், மரங்களுக்கிடையே திரும்பித் திரும்பி வேலை செய்ய மிக வசதி. திறன் கொஞ்சம் வெப்பமாக வீணாகும். இழுக்கும்போது கட்டாயம் தாழ்நிலைக் கியருக்கு மாற்ற வேண்டும். நெடுந்தூர இழுவையே முக்கியம் என்றால், முன்-பின் திசையை ஒரே நெம்புகோலில் மாற்றும் ஷட்டில் கியர் சிக்கனம். இரண்டிலும், பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே வேகத்தில் சுழலவைக்கும் டிஃபரன்ஷியல் லாக் இருக்க வேண்டும். சக்கரம் சுழலத் தொடங்கும் முன்பே, நேராகப் போகும்போது போட்டு, திரும்பும் முன் எடுத்துவிட வேண்டும்.

டயர் விஷயத்தில் சமரசம் செய்தே ஆக வேண்டும். ஆழமான மேடுகளுள்ள ஆர்-1 வகை டயர் சேற்றில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் பக்கச் சுவர் மெல்லியது. ஆர்-4 தொழிற்டயரின் பக்கச் சுவர் தடிமனானது, வெட்டிய புதர்த்தண்டு குத்தினாலும் தாங்கும். சேற்றில் மட்டும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கூரிய அடிக்கட்டைகள் நிறைந்த இடத்துக்கு ஆர்-4 சரி. வழுக்கினால் டயரின் மேல் சங்கிலி பூட்டலாம். புல்தரைக்கான ஆர்-3 இங்கே உதவாது. காற்றுக்குழாயின் வால்வைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் பற்றவைப்பது சிறு வேலை. அது இல்லாமல் ஒரு குச்சி வால்வைப் பிடுங்கிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. எடை கூட்ட டயரில் முக்கால் பங்கு திரவம் நிரப்புவது மலிவு, எடைமையமும் தாழும். கால்சியம் குளோரைடு கரைசல் நீரைவிட எடை அதிகம், ஆனால் ரிம்மைத் துருப்பிடிக்க வைக்கும். டயர் குத்துப்படும் வாய்ப்பு அதிகமுள்ள காட்டில், கழற்றிப் பூட்டக்கூடிய வார்ப்பிரும்புச் சக்கர எடைகளே மேல்.

வயலுக்காக வடிவமைத்த டிராக்டரின் வயிற்றுப்பகுதி திறந்தே இருக்கும். எண்ணெய் ஃபில்டர், எரிபொருள் குழாய், ஹைட்ராலிக் குழாய், முன் அச்சின் ஸ்டியரிங் சிலிண்டர் எல்லாம் குச்சிக்கு எட்டும் உயரத்தில். 5 அல்லது 6 மி.மீ. தகட்டில் அடிக்கவசம் செய்து போல்ட்டில் பூட்டுங்கள். முன் விளிம்பு மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடிக்கட்டையில் அதுவே கொக்கியாகிவிடும். எண்ணெய் இறக்கும் இடத்தில் துளை, சருகு விழ இடைவெளி, ஹைட்ரோஸ்டாடிக் பெட்டியின் விசிறிக்குக் காற்றுவழி ஆகியவை அவசியம். முழுக்க மூடிய கவசத்துக்குள் எண்ணெய்ப்பிசுக்குடன் சேரும் சருகுதான் தீ விபத்தின் தொடக்கம். ரேடியேட்டருக்கு முன் கழற்றித் தட்டக்கூடிய நுண்வலை போதும். அடைப்பு நீக்கும்போது காற்றை எஞ்சின் பக்கமிருந்து வெளிநோக்கி ஊத வேண்டும், எதிர்த்திசையில் ஊதினால் தூசி இன்னும் ஆழமாகப் போகும்.

காட்டு வேலைக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் அது மும்முனை இணைப்பில் பூட்டும் வின்ச், அதாவது உருளையில் வடத்தைச் சுற்றி இழுக்கும் கருவி. டிராக்டர் பாதையிலேயே நிற்க, தடி தானே வந்து சேரும். மண்ணும் மரவேர்களும் பிழைக்கும். வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே ஓடுகிறது. ஈர மண்ணை அதிகம் இறுக்குவது முதல் சில ஓட்டங்கள்தான். எனவே வண்டி ஓடும் தடங்களைக் குறித்துவிட்டு, அவற்றின் மேல் வெட்டிய கிளைகளைப் பரப்பி, மற்ற இடங்களுக்கு வடத்தை மட்டும் அனுப்ப வேண்டும்.

சிறிய டிராக்டருக்கு 3 டன் இழுவிசை வின்ச் பொருத்தம். சக்கரங்கள் 800 கிலோவுக்கு மேல் இழுக்க முடியாத வண்டி 3 டன்னை எப்படித் தாங்குகிறது என்றால், வின்ச்சின் கீழ்த்தகடு மண்ணில் புதைந்து வண்டியைப் பின்னால் நகரவிடாமல் நிறுத்துகிறது. தகட்டை முழுதும் இறக்காமல் இழுத்தால் வண்டிதான் தடியை நோக்கிப் போகும். 3 டன் என்பது உருளையில் வடம் ஏறாதபோது உள்ள அளவு. சுற்று ஏற ஏற ஆரம் கூடி விசை குறையும். ஆரம் 5-லிருந்து 10 செ.மீ. ஆனால் விசை பாதி.

வடத்தின் அறுபடும் வலிமை வின்ச் விசையைப்போல் இருமடங்காவது இருக்க வேண்டும். எஃகு வடம் உராய்வைத் தாங்கும், எடை அதிகம். செயற்கை இழை வடம் தோளில் தூக்கிப் போகும் அளவுக்கு இலேசு, அறுந்தாலும் எஃகுபோல் அவ்வளவு மூர்க்கமாக வீசாது. கல்லில் உரசினால் தேயும். தடியைக் கட்ட 8 மி.மீ. தரம்-80 சங்கிலி 2 டன் வேலைச்சுமைக்கு உரியது. வின்ச்சின் முழு 3 டன்னை அதில் செலுத்தக்கூடாது. முடிச்சை வெட்டு முனையிலிருந்து 30 முதல் 50 செ.மீ. உள்ளே போட்டு, முனையின் ஓரங்களை ரம்பத்தால் சீவிவிட்டால் வேரில் முட்டுவது குறையும்.

நேர்க்கோட்டில் இழுக்க முடியாதபோது கப்பி வேண்டும். வடம் செங்கோணத்தில் திரும்பினால் கப்பியின் மேல் விழும் சுமை வட இழுவையைப்போல் 1.4 மடங்கு, முழுக்கத் திரும்பி வந்தால் 2 மடங்கு. 3 டன் வின்ச்சுக்கு 3 டன் கப்பி வாங்குவது அடிக்கடி நடக்கும் தவறு. 6 டன் வேண்டும். அதைப் பட்டைக்குக் காயம் வராத அகலப் பட்டியில், மரத்தின் அடியோடு ஒட்டிக் கட்டுங்கள். வடம் திரும்பும் கோணத்தின் உட்புறத்தில் யாரும் நிற்கக்கூடாது. கப்பி பிடுங்கிக்கொண்டால் வடம் அந்தப் பக்கம்தான் வீசும். டிராக்டரின் பக்கவாட்டிலிருந்து இழுப்பது வண்டியைச் சாய்க்கும். வண்டியை இழுவைத் திசைக்கு நேராக நிறுத்துவதோ கப்பி போடுவதோதான் வழி.

லோடரில் கவ்வி பூட்டுவதாக இருந்தால், அதைத் திறந்து மூட மூன்றாவது ஹைட்ராலிக் வால்வு வேண்டும். முன்னமே கேட்டு வாங்குங்கள். லோடர் கையின் நுனி முளையில் அளந்த திறனைப் பார்க்காமல், 500 மி.மீ. முன்னால் தூக்கும் அளவைப் பாருங்கள். அது 500 கிலோ, கவ்வியே 150 கிலோ என்றால் மரத்துக்கு மிஞ்சுவது 350, 40 செ.மீ. விட்டத் தடியில் 2.8 மீ. நீளம். பின்னால் வின்ச் பூட்டியிருந்தால் அதன் எடையே எதிர்பாரம் ஆகிவிடும்.

எச்.பி. உண்மையிலேயே தேவைப்படும் இடம் கிளை துண்டாக்கும் இயந்திரம். எஞ்சின் திறனைக் கருவிக்குக் கொடுக்க நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடும் பி.டி.ஓ. தண்டுக்கு எஞ்சின் திறனில் 80 முதல் 85 விழுக்காடுதான் வந்து சேரும். இயந்திரத்தின் தேவையை அந்த அளவோடு ஒப்பிட வேண்டும். அதையும் கருவியையும் இணைக்கும் தண்டின் இரு குழாய்களும் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். அதிக நீளமாக விட்டால் கருவியைத் தூக்கும்போது கியர்பெட்டியின் பேரிங்கைத் தள்ளி உடைக்கும். சுமை மிகுந்தால் தான் அறுந்து கியரைக் காக்கும் ஷியர் போல்ட் அறுந்தால் அதே தரத்தில் மாற்றுங்கள். வலுவான போல்ட் போட்டால் அடுத்த முறை உடைவது கியர்.

வேலை முடிந்ததும் கொட்டகைக்குள் விடுவதற்கு முன், அடிக்கவசத்துக்குள்ளும் புகைக்குழாயைச் சுற்றியும் சேர்ந்த சருகை எடுத்துவிட்டு, எஞ்சின் ஆறும்வரை வெளியிலேயே நிறுத்துங்கள். சக்கர நட்டுகளையும் சட்டத்தின் போல்ட்டுகளையும் அப்போதே ஒரு முறை இறுக்கிப் பார்க்கலாம். வடத்தை உருளையில் தளர்வாக விடாமல், ஒரு சிறு தடியைக் கட்டி இழுவையோடு சுற்றி வைக்க வேண்டும். தளர்ந்த சுற்றுகளுக்கு நடுவே மறுநாள் வடம் புதைந்துகொண்டால் அதைப் பிரித்தெடுப்பதற்குள் வடமே நசுங்கிவிடும்.