யாக்கோபு ஜாக்கோமோ ஆன கதை

இத்தாலியில் ஆண் குழந்தைகளுக்குப் பல நூற்றாண்டுகளாகச் சூட்டப்பட்டுவரும் ஜாக்கோமோ என்ற பெயர், எபிரேய மொழியின் 'யாக்கோவ்', அதாவது தமிழ் விவிலியத்தின் யாக்கோபு, என்ற பெயரிலிருந்து வந்தது. இரட்டையரில் இளையவர் தம் அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பற்றியபடி பிறந்தார் என்று ஆதியாகமம் இப்பெயருக்கு விளக்கம் தருகிறது. எபிரேயத்தில் குதிகாலைக் குறிக்கும் சொல் இதனோடு ஒலியொத்தது. ஆயினும் ஆய்வாளர் பலர், 'இறைவன் காப்பாராக' என்ற பொருளுடைய பழைய செமித்தியப் பெயரொன்றின் சுருக்கமாகவே இதைக் கருதுகின்றனர். அதுவே கூடுதலாகப் பொருந்துகிறது, ஏனெனில் இதே வேரிலிருந்து அமைந்த பெயர்கள் பண்டைய மெசொப்பொத்தேமியக் களிமண் பலகைகளிலும் காணப்படுகின்றன.

கிரேக்கத்தில் 'யாக்கோபோஸ்' என்றும் இலத்தீனில் 'யாக்கோபுஸ்' என்றும் வழங்கிய இப்பெயர் இத்தாலியில் உருமாறியதற்கு ஒழுங்கான காரணங்கள் உண்டு. நாவின் நடுப்பகுதி மேலண்ணத்தை நெருங்கும்போது யகரம் பிறக்கிறது. அது இன்னும் அழுந்தி ஒரு கணம் ஒட்டிப் பிரிந்தால் ஜகரமாகிறது. இலத்தீன் சொற்களின் முதலில் நின்ற யகரம் இத்தாலிய மொழியில் இவ்வாறே திரிந்ததால், 'யூலியுஸ்' ஜூலியோ ஆயிற்று. இளைஞனைக் குறித்த 'யுவெனிஸ்' ஜோவனே ஆயிற்று. இடையிலிருந்த 'ப' ஒலி 'ம' ஆனதும் வியப்பன்று. இரண்டும் இதழ்கள் இயைந்து பிறப்பவை. மூக்கின் வழி மூச்சு செல்ல இடம் கொடுத்தால் முன்னது பின்னதாகிவிடும். இவ்வாறு பேச்சு வழக்கில் எழுந்த 'யாக்கோமுஸ்' என்ற வடிவமே ஜாக்கோமோவுக்கும், ஆங்கிலத்தின் ஜேம்ஸுக்கும், ஸ்பானிய மொழியின் ஹைமேக்கும் தாய்.

இத்தாலியர் விவிலியக் குலமுதல்வரான யாக்கோபை ஜாக்கோமோ என்று அழைப்பதில்லை, அவர் ஜாக்கோப்பே. அதே பெயருடைய இயேசுவின் சீடரான அப்போஸ்தலர் மட்டுமே ஜாக்கோமோ. குலமுதல்வரின் பெயர் ஏட்டு வழியாக வந்ததால் 'ப' ஒலியைக் காத்துக்கொண்டது. ஜூலை 25 அன்று விழாக் காணும் அப்போஸ்தலரின் பெயரோ மக்கள் நாவில் உருண்டு தேய்ந்தது. அழுத்தத்திலும் வேறுபாடு உண்டு: ஜாக்கோமோவில் அது கிரேக்கத்தைப் போல முதலசையிலும், ஜாக்கோப்பேயில் இலத்தீனைப் போல இரண்டாம் அசையிலும் விழுகிறது. தமிழ்க் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என்று வணங்குவதும் இதே அப்போஸ்தலரைத்தான்; அப்பெயர் போர்த்துக்கீசியரின் 'சந்தியாகோ' வழியாகக் கடற்கரைக்கு வந்தது.

தொஸ்கானா வட்டாரத்தில் யகரமும் பகரமும் மாறாமல் யாக்கோப்போ என்ற வடிவம் தனியே நிலைத்தது. வெனிசு ஓவியர் தின்தொரெத்தோவின் இயற்பெயரிலும் அதுவே உள்ளது. 1798-இல் ரெக்கனாத்தியில் பிறந்த கவிஞர் லெயோபார்தியும், 1858-இல் லூக்காவில் பிறந்த இசையமைப்பாளர் புச்சினியும் ஜாக்கோமோக்கள். லூக்கா தொஸ்கானாவிலேயே இருந்தும், புச்சினிக்கு வாய்த்தது மகர வடிவமே.