சாட்சியம் அல்ல, சான்று

ஆய்வு முடிவுகளை எடைபோட்டுச் சிகிச்சை தரும் முறையைக் குறிக்க 'சாட்சிய அடிப்படையிலான மருத்துவம்' என்ற தொடர் பெங்களூரு மருத்துவ முகாம்களில் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. அல்சூரில் ஒரு முகாமில் கொடுத்த துண்டறிக்கையிலும் அதேதான். கன்னடத்துச் 'சாக்ஷ்யாதாரித'வை அப்படியே தமிழில் இறக்கிவிட்டார்கள். வரிசையில் நின்ற ஓர் அம்மா, "சாட்சின்னா கோர்ட்டு விஷயமாப்பா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

சொல்லின் கதை சின்னது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து மருத்துவர் கார்டன் கயட் 1991இல் 'எவிடன்ஸ் பேஸ்டு மெடிசின்' என்று எழுதினார். எவிடன்ஸின் லத்தீன் வேர் பார்வையைக் குறிக்கும். சாட்சி என்ற வடசொல்லிலும் கண் உண்டு. அதனால் பொருந்தும் என்கிறார்கள். அங்கேதான் கோளாறு.

சாட்சி என்பவர் தான் கண்டதைச் சொல்பவர். "என்னிடம் வந்தவர்களுக்கு இந்த மாத்திரை கேட்டது" என்று ஒரு டாக்டர் சொன்னால் அது சாட்சியம். அதை மட்டும் நம்பாதே என்பதுதான் இந்த முறையின் உயிர். மாரடைப்பு வந்தவர்களுக்குத் துடிப்புக் கோளாறை அடக்கும் மாத்திரைகளை ஒரு காலத்தில் எழுதிக்கொடுத்தார்கள். ஈசிஜியில் துடிப்பு சீரானதைக் கண்ணால் பார்த்தார்கள். அந்த மாத்திரைகளைச் சோதித்த காஸ்ட் என்ற ஆய்வின் முடிவு 1989இல் வந்தது: மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற அந்த மாத்திரைகளை எடுத்தவர்களே அதிகம் இறந்திருந்தார்கள்.

'ஆதார அடிப்படை மருத்துவம்' என்பாரும் உண்டு. ஆதாரம் என்றாலே தாங்கும் அடிப்படைதான். அப்புறம் இன்னோர் அடிப்படை எதற்கு?

சான்றுசார் மருத்துவம் என்பதே சரி. சான்று 'சால்' என்ற வேரில் பிறந்தது. நிறைதல், தகுதியாதல் என்று பொருள். சான்றோரும் அதே வேர்தான். எடைபோட்டுத் தகுதி பார்த்த பின்பே ஒன்று சான்றாகும். அகராதியில் சான்றுக்கும் சாட்சி என்ற பொருள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இன்றைய வழக்கில் அது ஆளைக் குறிப்பதில்லை. 'சார்' என்பதையும் விட்டுக்கொடுக்க முடியாது. சான்றைச் சார்ந்திருப்பது வேறு, அது மட்டுமே போதும் என்பது வேறு. 1996இல் இந்த முறையின் முன்னோடி மருத்துவர் டேவிட் சாக்கெட்டும் உடனிருந்தவர்களும் தந்த விளக்கத்தில் ஆய்வுச் சான்றோடு மருத்துவரின் அனுபவமும் நோயாளியின் விருப்பமும் சேர்ந்தே வருகின்றன. சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாட்டிக் எழுதாமல், வைரஸிடம் அது பலிக்காது என்று பொறுமையாகச் சொல்லி, மூச்சு வாங்கினால் உடனே வரச் சொல்கிறாரே, அந்த டாக்டர் செய்வது இதுதான்.

மொழிபெயர்ப்பவர்கள் அந்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? அதே துண்டறிக்கையில் கிளினிக்கல் டிரையலை 'மருத்துவ விசாரணை' ஆக்கியிருக்கிறார்கள். புது மருந்தை ஆய்வுக்காகக் கொடுத்துப் பார்ப்பதை விசாரணை என்றால், அதில் சேர எந்த நோயாளி சம்மதிப்பார்?