வைராக்கியம்: சாயம் போன சொல்லுக்கு உறுதி எங்கிருந்து வந்தது?

போன புரட்டாசியில் ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த தொழில் பயிற்சிக்குப் போயிருந்தேன். தருமபுரியில் புளி வியாபாரம் செய்கிறவன் நான். அந்த வருஷம் பங்குனியில் வாங்கின புளியைக் குளிர்பதனக் கிடங்கில் வைக்காமல், வாடகை மிச்சம் என்று வீட்டுக்குப் பின்னால் அடுக்கி வைத்து, அது ஆவணிக்குள் கறுத்துப்போய், போட்ட முதலில் பாதிகூடத் தேறாமல் தள்ளிவிட்டிருந்தேன். யாராவது நாலு நல்ல வார்த்தை சொன்னால் தேவலை என்றிருந்தது. மேடையில் பேசியவர் மூன்று மணி நேரம் ‘மோட்டிவேஷன், மோட்டிவேஷன்’ என்றார். கடைசியில் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, கையை மடக்கி உயர்த்தி, ‘வைராக்கியம்!’ என்று மூன்று தடவை கத்தச் சொன்னார். கத்தினோம். பஸ் ராயக்கோட்டை தாண்டுவதற்குள் ஏறினதெல்லாம் இறங்கிவிட்டது, பாலக்கோட்டில் டீ குடிக்கும்போது கையில் மிச்சமிருந்தது அந்தச் சொல் மட்டும்தான்.

சரி, அந்தச் சொல்லையாவது பார்ப்போம்.

வைராக்கியம் வடசொல். ‘விராகம்’ என்பதிலிருந்து வருகிறது. ‘வி’ என்றால் நீங்கிய, ‘ராகம்’ என்றால் ஆசை, பற்று. ராகம் என்பதற்கு அடியில் உள்ள வேருக்குச் சாயம் ஏறுவது, சிவப்பது என்று பொருள். நாம் பாட்டில் சொல்லும் ராகமும் அதே வேர்தான். ஆக, வைராக்கியம் என்றால் சாயம் போன மனசு. வீடு, பணம், பேர் எதுவும் ஒட்டாத மனசு. துறவிக்கு உரிய சொல் அது. அதை அடித்தொண்டையில் கத்திவிட்டுத்தான் அன்றைக்கு ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் வியாபாரத்தைப் பெருக்கக் கிளம்பினோம்!

பழைய பொருள் இன்னும் முழுசாகச் சாகவில்லை. நம் வீடுகளில் ‘மயான வைராக்கியம், பிரசவ வைராக்கியம், புராண வைராக்கியம்’ என்று ஒரு வழக்கு உண்டு. சுடுகாட்டில் நிற்கும்போது ‘என்ன இருந்து என்ன, எல்லாம் இவ்வளவுதான்’ என்று தோன்றும், குளித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் பங்காளியோடு வரப்புச் சண்டை. பிள்ளை பெறும் வலியில் ‘இனி இந்தப் பக்கமே வேண்டாம்’ என்பது, கதாகாலட்சேபம் கேட்டு வெளியே வரும்வரை உலகத்தையே வெறுப்பது, எல்லாம் அந்தக் கணக்குதான். என்னைக் கேட்டால் இந்த வரிசையில் நாலாவதாக ‘மண்டப வைராக்கியம்’ என்று ஒன்றைச் சேர்த்துவிடலாம்.

இன்றைக்கு ‘வைராக்கியமா உழைச்சான்’, ‘வைராக்கியமா கடனை அடைச்சா’ என்கிறோமே, அந்தப் பொருள் எப்படி வந்தது? எனக்குப் படுவது இதுதான். ஆசையை விட்டவர்களிடம் ஊரார் கண்ணில் பட்டது அந்த மனநிலை இல்லை, திரும்பிப் பார்க்காத அந்தப் பிடிவாதம். எதை விட்டார் என்பது மறந்துபோய், விட்டதில் எவ்வளவு கெட்டியாக நின்றார் என்பது மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. ‘அவங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னு வைராக்கியம்’ என்று சொல்லும்போது இரண்டு பொருளும் ஒன்றாக நிற்பதைப் பார்க்கலாம், விட்டதும் உண்டு, கெட்டியாகப் பிடித்ததும் உண்டு. தமிழ் விவிலியத்தில் கடவுள் மேலுள்ள கொதிப்பான ஆர்வத்துக்கு ‘பக்திவைராக்கியம்’ என்று போட்டிருக்கிறார்கள். அங்கே சாயம் போகவில்லை, கெட்டிச் சாயமாக ஏறியிருக்கிறது.

வைரம் என்ற சொல்லோடு இதை முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு. வைரக்கல் போல உறுதி, அதனால் வைராக்கியம் என்று. பிறப்பு அப்படி இல்லை. ஆனால் காதுக்கு அப்படித்தான் கேட்கிறது, அந்த ஒலியும் பொருள் மாற ஒரு கை கொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். கறிக்கடையில் வெட்டுக்கட்டை பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் புளியமரம். வெளிப்பக்கம் வெளுப்பாக இருக்கும், நடுவில் கருஞ்சிவப்பாக வைரம் பாய்ந்திருக்கும், மரத்தின் முற்றி இறுகிய நடுப்பகுதிக்கும் வைரம் என்றுதான் பேர். கத்தி வருஷக்கணக்காக விழுந்தாலும் பிளக்காது. ‘வைராக்கியம்’ என்றால் நம் ஆட்கள் மனசில் வருவது அந்தக் கட்டைதான், காவித்துணி இல்லை.

எங்கள் கொட்டகையில் புளி தட்ட வரும் ஒரு பெரியம்மா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வாழ வந்தவர். சரக்கு கறுத்துப்போய் நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த அன்று அவர் சொன்னது, ‘பட்டுதல உண்டாலி நாயனா’. தெலுங்கில் ‘பட்டுதல’ என்றால் விடாமுயற்சி, அது வேண்டும்ப்பா என்கிறார். ‘பட்டு’ என்றால் பிடி, அதாவது நம் ‘பற்று’ என்பதன் உடன்பிறப்பு. கவனியுங்கள், அவர்கள் பற்றிலிருந்து எடுத்த சொல்லால் சொல்வதை நாம் பற்று இல்லாமை என்ற சொல்லால் சொல்கிறோம், பொருள் மட்டும் ஒன்று. நம்மிடமும் ‘விடாப்பிடி’ இருக்கிறது, ஆனால் அதில் கொஞ்சம் முரட்டுத்தனம் கலந்துவிட்டது. ஒரு ஆளைப் புகழ்ந்து ‘விடாப்பிடியானவர்’ என்றால் அவர் முறைப்பார்.

அப்போ நல்ல தமிழில் என்ன சொல்வது? பழைய பொருளுக்குப் பற்றின்மை, துறவு, அதில் சிக்கல் இல்லை. இன்றைய பொருளுக்கு நான் சொல்வது ‘திட்பம்’. நுண் என்பதிலிருந்து நுட்பம், தண் என்பதிலிருந்து தட்பம், அதேபோல் திண் என்பதிலிருந்து திட்பம். குறளில் 67-ஆம் அதிகாரத்துக்கே வினைத்திட்பம் என்று பேர். ‘வினைத்திட்பம் என்பது ஒருவன் மனத்திட்பம், மற்றைய எல்லாம் பிற’ என்று தொடங்குகிறது. தொழில்நுட்பம் என்று நாள் முழுக்கச் சொல்கிற நாம் தொழில்திட்பம் என்று ஒரு தடவைகூடச் சொல்வதில்லை.

மோட்டிவேஷனுக்கு ஊக்கம். இரண்டும் வேரில்கூடப் பக்கம்தான். லத்தீனில் அது நகர்த்துவது, தமிழில் ஊக்குதல் என்றால் தள்ளிவிடுவது. கலித்தொகையில் ஊஞ்சலில் இருக்கும் பெண் ‘ஐய, சிறிது என்னை ஊக்கி’ என்கிறாள், கொஞ்சம் ஆட்டிவிடு என்று. ஊஞ்சல் எவ்வளவு நேரம் ஆடும் என்பது தள்ளினவன் கையைப் பொறுத்தது. ராயக்கோட்டைக் கணக்கு இப்போது புரிந்திருக்கும். வள்ளுவர் ஊக்கம் என்று சொல்வது உள்ளிருந்து வருவதை, அது வேறு. ஆனால் காசு கட்டி வாங்குவது ஊஞ்சல் ஊக்கம்தான்.

இன்னொரு சொல் இருந்தது, அது எங்கள் ஊர்ச் சொல் என்றே உரிமை கொண்டாடுவேன். தருமபுரிதான் பழைய தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவனைப் பற்றி ஔவையார் பகைவர்களிடம் சொல்கிறார், புறநானூறு 87-ஆம் பாட்டு: ‘வைகல் எண்தேர் செய்யும் தச்சன் திங்கள் வலித்த கால் அன்னோனே’. ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன், ஒரே ஒரு சக்கரத்துக்காக ஒரு மாசம் உட்கார்ந்தால் அந்தச் சக்கரம் எப்படி இருக்கும், எங்கள் ஆள் அப்படி என்கிறார். இங்கே ‘கால்’ என்றால் சக்கரம், ‘வலித்த’ என்பதற்கு நினைத்துத் துணிந்து செய்த என்று பொருள். கைவேகம் இருக்கிறவன் வேகத்தை அடக்கி ஒன்றிலேயே நிற்பது. அந்த மாசத்துத் தேர்களையெல்லாம் விட்டால்தான் இந்த ஒரு சக்கரம். சாயம் போன சொல்லும் கெட்டிப்பிடியும் எங்காவது சந்திக்கிறதென்றால் இங்கேதான் என்று தோன்றுகிறது.

‘வலித்தல்’ என்ற அந்த வினைச்சொல் இப்போது நம்மிடம் பெரும்பாலும் நோவுக்குத்தான் மிச்சம். சாயங்காலம் ஐந்தரைக்குச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, பெரியம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ‘வலிக்குதுப்பா’ என்பார். அப்புறம் புடவையில் ஒட்டின புளியோட்டைத் தட்டிக்கொண்டே கேட்பார், ‘நாளைக்கு எத்தன மூட்ட?’

இந்த வருஷம் சரக்கைக் குளிர்பதனக் கிடங்கில்தான் போட்டிருக்கிறேன்.